பச்சை மலை மாநிலம்



கனடாவின் மொன்றியல் மாநகரிலே எம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழ்கின்றனர். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காண்பதற்காக இங்கிருந்து சென்று, சில மாதங்கள் தங்கித் திரும்பும் பெற்றோரின் தொகையும் சிறிதன்று. அவர்கள் சொல்லும் பயணக் கதைகளிலே நயகரா நீர்வீழ்ச்சி தவறாமல் இடம்பெறும். ஆனால் மொன்றியலிலிருந்து தெற்கு நோக்கி மோட்டார் வண்டியிலே ஒரு மணி நேரத்துக்குச் சிறிது கூடுதலாகச் சென்றால், ஐக்கிய அமெரிக்காவின் எல்லைக்கு அப்பால் வெர்மொன்ற் என்றொரு மாநிலம் இருக்கின்றது. அதனைப் பற்றிச் சொல்வோரை நான் அதிகம் கண்டதில்லை. அமெரிக்க விசாவும் கையிலிருக்க வேண்டும் என்பது ஒரு காரணமாகலாம். அந்தச் சிரமத்தைப் பட்டேனும் காணத்தக்க நாடு அது என்பது என் எண்ணம்.

வெர்மொன்ற் என்ற பெயர் பிரெஞ்சு மொழியிலே பச்சை மலை என்று பொருள்படும் சொற்களிலிருந்து பிறந்தது. மாநிலத்தின் நடுவே வடக்குத் தெற்காக, முதுகெலும்பு போலப் பச்சை மலைத்தொடர் ஓடுகின்றது. பரப்பளவில் எமது நாட்டின் மூன்றில் ஒரு பங்கினும் சற்றே கூடியது. குடிசனமோ 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆறு இலட்சத்து நாற்பத்து மூவாயிரம் மட்டுமே. மிகப் பெரிய நகரமாகிய பேர்லிங்டனிலே நாற்பத்தையாயிரம் பேர் வரையில் வாழ்கின்றனர். தலைநகராகிய மொன்ற்பீலியரிலே எண்ணாயிரம் பேர். ஐம்பது மாநிலங்களின் தலைநகரங்களுள்ளும் மிகச் சிறியது இதுவே. மேற்கெல்லையிலே சாம்பிளேன் ஏரி ஏறத்தாழ 190 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது. கிழக்கெல்லையிலே கனெற்றிக்கற் ஆறு ஓடுகின்றது.

எல்லையைக் கடந்து பெருந்தெருவிலே சிறிது தூரம் சென்றதும், ஏதோ ஒன்று குறைகின்றது என்று மனத்துக்குப் படும். புல்வெளி தெரியும், தூரத்திலே மாதா கோவிலின் வெள்ளைக் கூம்பு தெரியும், செந்நிறம் பூசிய மாட்டுத் தொழுவம் தெரியும். ஆனால் தெருவோரத்திலே ஒரு விளம்பரப் பலகையேனும் தெரியாது. 1968ஆம் ஆண்டிலே இம்மாநிலத்தின் சட்டசபை தெருவோர விளம்பரப் பலகைகளை அடியோடு தடைசெய்தது. எழுபதுகளின் நடுப்பகுதிக்குள் இருந்தவையெல்லாம் அகற்றப்பட்டன. விடுதியும் கடையும் எங்கே இருக்கின்றன என்பதைக் காட்ட, எல்லோருக்கும் ஒரே அளவான சிறிய பலகைகளை அரசாங்கமே நாட்டுகின்றது. அமெரிக்காவிலே இத்தகைய தடையுள்ள மாநிலங்கள் நான்கு மட்டுமே.

இதனை முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெர்மொன்றின் அழகைக் கண்டு வியப்போர், இயற்கை அதனை அப்படியே அள்ளிக் கொடுத்துவிட்டது என்று எண்ணுவது வழக்கம். உண்மை அவ்வாறன்று. ஒருமுறை கெட்டழிந்த நாடு அது. கெட்டதை உணர்ந்தவர் சிலர் மீட்கத் தொடங்கினர். மீட்டதைக் காப்பதென்று பின்வந்தோர் கூடித் தீர்மானித்தனர். இக்கதையை அறிந்துகொண்டு செல்பவருக்கு அங்குள்ள ஒவ்வொரு மரமும் வேறுவிதமாகத் தோன்றும். ஆதலால் முதலிற் செல்ல வேண்டிய இடம் மலையுச்சியுமன்று, ஏரிக்கரையுமன்று; வூட்ஸ்ரொக் என்னும் சிற்றூர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஸ்பெயின் தேசத்து மெரீனோ ஆடுகள் வெர்மொன்றுக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் கம்பளிக்கு நல்ல விலை கிடைத்தது. மேய்ச்சல் நிலத்துக்காக மலைச்சரிவுகளின் காடுகள் வெட்டப்பட்டன. எரித்த மரத்தின் சாம்பலும் விலைபோயிற்று. 1840ஆம் ஆண்டளவில் மூன்று இலட்சத்துக்கும் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்த மாநிலத்திலே பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகள் மேய்ந்தன. ஆளுக்கு ஐந்தாறு ஆடு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நிலத்தின் பெரும் பகுதி மொட்டையாயிற்று. மழை பெய்தால் மண் கரைந்து ஓடிற்று. ஆறுகள் ஒரு நாள் பெருகி மறுநாள் வற்றின. பின்னர் கம்பளிக்கான காப்பு வரி குறைந்தது. மேற்குப் பிரதேசங்களிலே மலிவாக ஆடு வளர்ப்போரும் போட்டிக்கு வந்தனர். கம்பளி வாணிகம் வீழ்ந்தது. மலைத் தோட்டங்களைக் கைவிட்டு மக்கள் மேற்கு நோக்கிப் போயினர்.

இந்த அழிவைச் சிறுவயதிலேயே கண்ணாற் கண்டவர் ஜோர்ஜ் பேர்கின்ஸ் மார்ஷ். 1801ஆம் ஆண்டு வூட்ஸ்ரொக்கிலே பிறந்தவர். பின்னாளிலே துருக்கியிலும் இத்தாலியிலும் அமெரிக்கத் தூதராக இருந்தார். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த பழம்பெரும் நாடுகளின் வறண்ட குன்றுகளைக் கண்டபோது, தம் ஊர் மலைக்கு நேர்ந்ததே அங்கும் நேர்ந்தது என்று உணர்ந்தார். 1864ஆம் ஆண்டிலே 'மனிதனும் இயற்கையும்' என்ற பொருள்படும் தலைப்பிலே ஒரு நூலை வெளியிட்டார். மனிதன் காட்டை அழித்தால் மண்ணும் நீரும் அவனைக் கைவிடும் என்பதை வரலாற்றுச் சான்றுகளுடன் விரித்துரைத்த நூல் அது. இன்று சூழல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

மார்ஷ் எழுதியதைச் செய்து காட்டியவர் மற்றொருவர். பிரெடரிக் பில்லிங்ஸ் என்னும் அந்தச் சட்டத்தரணி கலிபோர்னியாவிலே பொருள் தேடி, ஊருக்கு மீண்டு, 1869இல் மார்ஷின் பழைய இல்லத்தையும் நிலத்தையும் விலைக்கு வாங்கினார். மொட்டையாய்க் கிடந்த சரிவிலே ஆயிரக்கணக்கான மரக்கன்றுகளை நாட்டினார். அடிவாரத்திலே ஜேர்சி இனப் பசுக்களைக் கொண்ட பண்ணையொன்றையும் நிறுவினார். அந்த வீடும் காடும் இன்று தேசிய வரலாற்றுப் பூங்காவாக உள்ளன. 1998 முதல் பொதுமக்கள் சென்று பார்க்கலாம். பண்ணையிலே இன்றும் பசுக்கள் உண்டு. பால் கறப்பதைக் குழந்தைகள் அருகிருந்து காணலாம். வண்டிப் பாதையிலே மெல்ல நடந்து, பில்லிங்ஸ் காலத்து மரங்களின் கீழ் நிற்பதற்கு அரை நாள் போதும். இன்று மாநிலத்தின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் காடாகிவிட்டது. நடுக்காட்டிலே நடந்து போகையில் திடீரென்று இடுப்பளவு உயரமான கல்வேலியொன்று குறுக்கே வரும். ஒரு காலத்தில் அவ்விடத்தில் ஆட்டுப்பட்டி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி, உலகறிந்த இலையுதிர்காலத்துக்கு வருவோம். செப்டெம்பர் மாதக் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரையில் இம்மலைகள் முழுவதும் மஞ்சளும் செம்மஞ்சளும் கடுஞ்சிவப்புமாக மாறுகின்றன. பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் இலையிலுள்ள பச்சையம் சிதைகின்றது. அதுவரை பச்சையின் கீழ் மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள் வெளித்தோன்றுகின்றது. சிவப்பின் கதை வேறு. அது மறைந்திருந்ததன்று, இலையிலே தங்கிய சர்க்கரையிலிருந்து மேப்பிள் மரம் அக்காலத்திலே புதிதாக உண்டாக்குவது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் நன்கு அமைந்த ஆண்டிலே சிவப்பு மிகும். நிறமாற்றம் வடக்கிலும் உயர்ந்த இடங்களிலும் தொடங்கித் தெற்கு நோக்கிப் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கும். ஆகவே குறித்த ஒரு நாளை நம்பிச் செல்பவர் ஏமாறக்கூடும். ஓரிடத்திலே முடிந்துவிட்டால் நூறு கிலோமீற்றர் தெற்கே போய்ப் பார்க்க வேண்டும்.

இக்காட்சிக்கென நடுமலையைத் தொடர்ந்து செல்லும் 100ஆம் இலக்கத் தெருவைப் பலரும் சொல்வர். நான் 108ஆம் இலக்கத் தெருவைச் சொல்வேன். மாநிலத்தின் அதியுயர்ந்த மலையாகிய மான்ஸ்பீல்ட் 1,339 மீற்றர் உயரமானது. அதன் பக்கத்துக் கணவாயினூடாகப் பெரும் பாறைகளைச் சுற்றிச் சுற்றி இத்தெரு ஏறுகின்றது. கடத்தற்காரர் கணவாய் என்று அதற்குப் பெயர். 1807ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கம் பிறநாட்டு வாணிகத்தைத் தடைசெய்தபோது, கனடாவுக்குக் கள்ளச் சரக்குப் போன வழி இது. பெரிய லொறிகள் செல்லலாகாது என்று அறிவித்தல் இருந்தும், ஆண்டுதோறும் ஏதோவொரு லொறி வளைவிலே சிக்கிக்கொள்ளும். குளிர்காலத்திலே தெரு மூடப்பட்டுவிடும். கால் வலிமை உள்ளவர்களுக்கு, மாநிலத்தின் தென்கோடியிலிருந்து கனடிய எல்லை வரை 438 கிலோமீற்றர் செல்லும் நெடும்பாதை உண்டு. 1910இல் தொடங்கி 1930இல் முடித்தார்கள். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. ஒரு காலைப் பொழுது நடந்தாலும் போதும்.

கூரைப் பாலங்களைக் காணாமல் திரும்பலாகாது. ஆற்றுக்குக் குறுக்கே மரவீடு ஒன்றை நீளமாக இழுத்து வைத்தாற் போன்ற தோற்றம். ஏறத்தாழ நூறு பாலங்கள் இன்னும் எஞ்சியுள்ளன. பயணிகள் நனையாமற் போவதற்காக அக்கூரை என்று நினைப்பது தவறு. பாலத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் மழையிலும் பனியிலும் நனைந்து உக்காமல் இருப்பதற்காகவே கூரையும் பக்கப் பலகைகளும் அமைத்தனர். மூடாத மரப்பாலம் பத்திருபது ஆண்டிலே பழுதாகிவிடும். மூடிய பாலம் நூறு ஆண்டும் கடந்து நிற்கும். வின்ட்சர் என்னுமிடத்திலே கனெற்றிக்கற் ஆற்றின்மேல் 1866இல் கட்டிய பாலம் 137 மீற்றர் நீளமானது. குதிரையை ஓடவிடாமல் நடத்திச் செல்க, மீறினால் இரண்டு டொலர் குற்றம் என்ற பலகை அதன் வாயிலில் இன்றும் உண்டு. ஆற்றின் பெரும்பகுதி அயல் மாநிலமாகிய நியூ ஹாம்ஷயருக்கு உரியதாகையால், அப்பாலத்தின் பெரும்பகுதியும் அவர்களுடையதே. வெர்மொன்ற் மக்களுக்கு இதில் ஒரு சிறு மனக்குறை.

பாலங்களின் கதை வெள்ளத்தின் கதையுமாகும். ஊர்களும் தெருக்களும் ஒடுங்கிய பள்ளத்தாக்குகளிலே ஆற்றை ஒட்டி அமைந்திருப்பதால், மலையிலே பெருமழை பெய்தால் நீர் வேறெங்கும் போக வழியில்லை. 1927ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் வந்த வெள்ளத்திலே 84 பேர் மாண்டனர். மாநிலத்தின் துணை ஆளுநரும் அவர்களுள் ஒருவர். 1,200க்கு மேற்பட்ட பாலங்கள் அழிந்தன. 2011 ஆகஸ்ட் 28ஆந் திகதி ஐரீன் புயல் மீண்டும் அத்தகைய அழிவைக் கொணர்ந்தது. பதின்மூன்று ஊர்கள் வெளித்தொடர்பற்றுத் தனித்து நின்றன. பாட்டன்ஸ்வில் என்னும் ஊரிலே 1870இல் கட்டிய கூரைப்பாலம் அப்படியே பெயர்ந்து ஆற்றோடு போயிற்று. ஊரார் மலிவான சீமெந்துப் பாலத்தோடு அமையவில்லை. முன்னிருந்த வடிவிலேயே மரத்தாற் கட்டி, 2013 ஜனவரியிலே திறந்தனர். 2023 ஜூலையிலே தலைநகரின் கடைத்தெருவே நீரில் மூழ்கிற்று. சரியாக ஓராண்டு கழித்து அதே நாட்களில் மாநிலத்தின் பல இடங்களிலே மறுபடியும் வெள்ளம். பாலத்தைப் பார்க்கச் செல்வோர் அருகிலுள்ள சுவர்களிலே வெள்ளம் ஏறிய உயரம் எங்கேனும் குறிக்கப்பட்டிருக்கின்றதா என்று கவனிக்கலாம்.

எமக்கு நெருக்கமான ஓரிடத்தையும் சொல்லிவிட வேண்டும். காட்டிலே ஓநாய்களோடு வளர்ந்த மௌக்லி என்ற சிறுவனின் கதையை அறியாத பிள்ளைகள் குறைவு. பம்பாயிலே பிறந்த றட்யார்ட் கிப்ளிங் அக்கதைகளை எழுதியது இந்தியக் காட்டிலிருந்தன்று. வெர்மொன்றின் வெண்பனிக்கு நடுவிலிருந்து! அவருடைய மனைவி அப்பகுதியைச் சேர்ந்தவர். 1892 முதல் 1896 வரை அங்கே வாழ்ந்தனர். டமர்ஸ்ரன் என்னும் ஊரிலே கட்டிய வீட்டுக்கு 'நௌலாகா' என்று பெயரிட்டார். ஒன்பது இலட்சம் பெறுமதியானது என்பது அதன் பொருள். மைத்துனரோடு ஏற்பட்ட சண்டை வழக்குமன்றம் வரை போகவே, மனம் வெறுத்து நாட்டைவிட்டு நீங்கினார். அந்த வீட்டை இன்று சில நாட்களுக்கு வாடகைக்குப் பெற்றுத் தங்கலாம். கவிஞர் றொபேட் புறொஸ்ற்றின் சமாதி மாநிலத்தின் தென்மேற்கிலுள்ள பெனிங்டனிலே இருக்கின்றது. அருகிலுள்ள ஷாவ்ஸ்பரியில் அவர் வாழ்ந்த கல்வீட்டையும் காணலாம்.

ஆயினும் ஆசிரியத் தொழிலிலே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், நான் மாணவரை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் ஜெரிக்கோ என்னும் ஊரிலுள்ள பழைய செந்நிற ஆலை. வில்சன் பென்ற்லி என்ற விவசாயியின் நினைவுக் காட்சி அங்கே உண்டு. பதினைந்து வயதிலே தாயார் கொடுத்த நுணுக்குக்காட்டியால் பனித்துகள்களைப் பார்க்கத் தொடங்கியவர், கமெராவை அதனோடு பொருத்தி, 1885 ஜனவரி 15ஆந் திகதி தனியொரு பனித்துகளைப் படம்பிடித்தார். அப்போது வயது பத்தொன்பது. மூச்சுக் காற்றுப் பட்டாலே உருகிவிடும் பொருள். ஆதலின் கணப்பில்லாத கொட்டிலிலே, மூச்சை அடக்கிக்கொண்டு, நாற்பதுக்கு மேற்பட்ட குளிர்காலங்கள் இதையே செய்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்தார். பகலெல்லாம் பசு மேய்த்த மனிதர்! 1931இல் அப்படங்கள் நூலாக வெளிவந்தன. அவ்வாண்டு டிசெம்பரிலேயே அவர் இறந்தார்.

பாரி என்னும் ஊரின் கருங்கற் சுரங்கம் ஏறத்தாழ 180 மீற்றர் ஆழம். கரையில் நின்று பார்த்தால் அடியிலே வேலை செய்வோர் எறும்பு போல் தெரிவர். அருகிலுள்ள ஹோப் மயானத்திலே இத்தாலியிலிருந்து வந்த சிற்பிகளின் கைவண்ணம் காணத்தக்கது. அவர்களுட் பலர் கற்றூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இளவயதிலே இறந்தனர். தூசியை உறிஞ்சும் பொறிகள் 1930களின் பிற்பகுதியிலேதான் பரவலாக வந்தன. அம்மயானத்தின் அழகைப் பாராட்டும்போது, செதுக்கியவனே அதன் கீழ்க் கிடக்கின்றான் என்பதையும் நினைக்க வேண்டியிருக்கின்றது.

இவ்வளவும் சொல்லும்போது குறையையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. 1970ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட 250ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பெரிய கட்டட வேலை எதையும் தொடங்குமுன் நீர், மண், காட்சியழகு முதலான பத்து நோக்கங்களால் அதனை ஆராய்ந்து பிரதேசக் குழு அனுமதி வழங்க வேண்டும். மலைகள் தப்பியதற்கு இச்சட்டமும் ஒரு காரணம். அதே வேளையில் வீடுகள் போதாமற் போயின, விலை ஏறிற்று. ஆறேழு வீடுகளுக்கு ஒன்று வெளியூர்ச் செல்வர் விடுமுறைக்கு வந்து தங்கும் வீடு. வேலை தேடி இளைஞர் வெளியேறுகின்றனர். 1940களிலே பதினோராயிரம் அளவில் இருந்த பாற்பண்ணைகள் இன்று சில நூறாகிவிட்டன. ஊர்களின் நடுப்பகுதியிலே வீடு கட்டுவதை எளிதாக்கும் பொருட்டு 2024இல் அச்சட்டத்தைத் திருத்தினர். காட்சியழகைக் காத்தவர்கள் அக்காட்சியின் நடுவே வாழும் குடும்பங்களையும் காத்துக்கொள்வார்களா என்பது அங்கே இன்று நடக்கும் வாதம். அதனைக் கேட்பதற்கும் ஓரிடம் உண்டு.

அந்த இடம் ஊர்க்கூட்டம். மார்ச் மாதத்து முதற் செவ்வாய்க்கிழமை மாநிலமெங்கும் விடுமுறை. பாடசாலை மண்டபத்திலோ நகர மண்டபத்திலோ ஊரார் கூடுகின்றனர். தெருவுக்கு எவ்வளவு, பனி அள்ளும் வண்டிக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு என்று செலவுத் திட்டத்தை வரிவரியாக விவாதித்து, அவ்விடத்திலேயே வாக்களிக்கின்றனர். பல ஊர்கள் இரகசிய வாக்குச்சீட்டு முறைக்கு மாறிவிட்டனவாயினும், பழைய வழக்கை விடாத ஊர்களும் பல உள்ளன. நண்பகலிலே வீட்டுக்கு வீடு சமைத்துக் கொணர்ந்த உணவைப் பகிர்ந்து உண்பர். வெளியார் வாக்களிக்க முடியாது. ஓரத்திலே அமர்ந்து கேட்கலாம். எல்லோரும் ஒக்டோபரிலே போகச் சொல்வார்கள். ஒருமுறைதான் போக முடியும் என்றால், சேறும் குளிரும் இருந்தாலும், நான் மார்ச் மாதத்தையே சொல்வேன். அதற்கு இக்கூட்டம் ஒரு காரணம். சர்க்கரை மற்றொரு காரணம்.

யாழ்ப்பாணத்திலே பனையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய முட்டியிலே கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுவதைக் கண்டவர்களுக்கு மேப்பிள் மரத்தின் செய்தி எளிதில் விளங்கும். பனையிலே பாளையைச் சீவுகின்றோம். அங்கே அடிமரத்திலே சிறு துளையிடுகின்றனர். இரவிலே நீர் உறைந்து, பகலிலே உருகும் நாட்களில் மட்டுமே அது சுரக்கும். இரவில் உறையும்போது மரம் வேரிலிருந்து நீரை உறிஞ்சுகின்றது. பகல் வெயிலில் உருகும்போது உள்ளே அழுத்தம் ஏறித் துளைவழியே நீர் சொட்டுகின்றது. குளிர் விட்டு அரும்பு வெடித்துவிட்டால் சுவை கெட்டுவிடும். பெப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை சில கிழமைகளே பருவம். துளையிடுவதற்கு மரம் ஏறத்தாழ நாற்பது வயதையாவது அடைந்திருக்க வேண்டும்; நாட்டியவன் பிள்ளைக்குத்தான் பயன். நூற்றுக்கு இரண்டு பங்கே இனிப்பு ஆகையால் நாற்பது லீற்றர் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு தேறும். அபெனாக்கி என்னும் ஆதிக்குடிகள் இதனை முன்னரே அறிந்திருந்தனர். வாளிகளுக்குப் பதிலாக இன்று மரத்துக்கு மரம் பிளாஸ்ரிக் குழாய்கள் ஓடுகின்றன. அமெரிக்காவின் மேப்பிள் பாகில் ஏறத்தாழ அரைவாசி இந்தச் சிறு மாநிலத்திலிருந்தே வருகின்றது.

காய்ச்சும் கொட்டிலுக்குச் சென்றால் சூடான பாகை வெண்பனியின்மேல் கோடாக ஊற்றித் தருவார்கள். அது இறுகி இழுபடும் மிட்டாயாகும். அதனோடு பொரித்த மாவு வளையமொன்றும், வினாகிரியில் ஊறிய வெள்ளரிக்காயும் வைப்பார்கள். இனிப்புத் திகட்டும்போது வெள்ளரிக்காயை ஒரு கடி. பின்பு மீண்டும் பாகு. கொட்டிலைக் கண்டுபிடிப்பது கடினமன்று. காய்ச்சும் நாளிலே கூரையின் நடுத்திறப்பிலிருந்து வெண்ணிற நீராவி எழுந்து மரங்களுக்கு மேலே நிற்கும். அதைக் கண்டால் வண்டியை நிறுத்தி, தடுக்காமற் போகலாம். கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும்.